நடுச்சுவரில் ஒரு மீன்தொட்டி

மாமா என்னிடம் வாய்விட்டுக் கேட்டு வாங்கிய பொருள் ஒன்றே ஒன்றுதான். ஒரு சாக்பீஸ். வீட்டுக்குப் பக்கத்துப் பள்ளியில் அப்போது சின்ன வகுப்புகளுக்குப் பாடம் எடுத்துக்கொண்டிருந்தேன். மதியம் வரும்போது ஒரு முழுக் கட்டியைக் காகிதத்தில் சுற்றிக் கொண்டுவந்து கொடுத்தேன். மறுநாள் காலையில் ஹாலைக் கூட்ட வந்தால், வெளிர்நீலம் அடித்த நடுச்சுவரில் நான்கடி அகலத்துக்கு ஒரு கட்டம் போட்டிருந்தது. நான்கு மூலையிலும் கூட்டல் குறி. பம்ப் கம்பெனியில் முப்பது வருஷத்துக்கு மேல் இரும்பின்மேல் கோடு போட்ட கை. ஒரு நூல்கூடப் பிசகவில்லை. மாமா இரண்டு கைகளையும் பின்னால் கட்டிக்கொண்டு, தள்ளி நின்று அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“மீன்தொட்டி வெக்கப் போறேன் அம்மணி. சொவத்துக்குள்ளயே” என்றார்.

மாமா என்றால் என் கணவரின் அப்பா. அவர் போய் மூன்று வருஷமாகிறது. அவரைப் பற்றி யாராவது கேட்டால், நல்ல மனுஷன் என்று சட்டென்று சொல்ல எனக்கு வாய் வராது. கெட்ட மனுஷன் என்றும் வராது. குனியமுத்தூரில் இருக்கும் எங்கள் வீட்டின் நடுச்சுவரை அவர் உடைத்ததைத்தான் சொல்லத் தோன்றும். அதைச் சொல்வதற்கு முன்னால், அந்தச் சுவருக்கு அந்தப் பக்கம் யார் இருந்தார்கள் என்று சொல்ல வேண்டும்.

அந்தப் பக்கம் அத்தையின் அறை. அத்தையும் மாமாவும் அப்போதைக்கு ஒன்பது வருஷமாக ஒருவரோடு ஒருவர் பேசிக்கொண்டதில்லை.

கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்தபோது இதை எனக்கு யாரும் சொல்லவில்லை. முதல் வாரத்தில் அத்தை, “அவருக்குக் காப்பி குடுத்துப்போடு கண்ணு” என்பார். மாமா குடித்து முடித்து, “சக்கரை கொஞ்சம் தூக்கலுன்னு உள்ள சொல்லீரு” என்பார். சமையலறைக்கும் ஹாலுக்கும் நடுவே பத்தடி தூரம்கூட இல்லை. அவர் சொன்னது அத்தையின் காதில் விழாமல் இருக்காது. இருந்தாலும் நான் போய் ஒருதரம் சொன்ன பிறகுதான் அத்தை தலையை ஆட்டுவார். மருமகள் வந்திருக்கும் கூச்சம் என்று முதலில் நினைத்தேன். ஒரு மாதம் கழித்துத்தான் என் கணவர் விஷயத்தைச் சொன்னார்.

நான் வருவதற்கு ஒரு வருஷம் முன்னால் என் நாத்தனார், தான் விரும்பியவரைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டு, மாலையும் கழுத்துமாக அவரோடு இந்த வாசலில் வந்து நின்றிருக்கிறாள். மாப்பிள்ளை ஆனைமலைக்காரர். படித்து வேளாண்மை அலுவலகத்தில் வேலை பார்ப்பவர். அவருடைய அப்பாவும் அம்மாவும் எங்கள் சாதிக்காரர்களின் தென்னந்தோப்புகளில் கூலிக்குப் போனவர்கள். மாமா வாசற்படியில் நின்று, தெருவே கேட்க, அந்தப் பையனை ஒருமையில் பேசியிருக்கிறார். அவர் பேசிய சொற்களை என் கணவர் என்னிடம் முழுக்கச் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. பேசி முடித்துக் கதவைச் சாத்திவிட்டார். உள்ளே ஆரத்தி கரைத்துக்கொண்டிருந்த அத்தை, தட்டை அப்படியே கீழே வைத்துவிட்டுப் பின்னறைக்குப் போய்ப் படுத்தவர்தான். மறுநாளிலிருந்து சமையல் நடந்தது, துணி துவைத்தல் நடந்தது, அவருடைய சட்டைக்கு இஸ்திரி போடுவதுகூட நடந்தது. பேச்சு மட்டும் நின்றுபோனது.

ஆகவே எட்டு வருஷம் அந்த வீட்டில் நான்தான் பேச்சு. அவர் சொன்னதை இவரிடமும், இவர் சொன்னதை அவரிடமும் கொண்டுபோவேன். போகிற வழியில் கொஞ்சம் மாற்றிக்கொள்வதும் உண்டு. “அந்தாளு மாத்திரை முழுங்குனாரா இல்லியா” என்று அத்தை கேட்டால், மாமாவிடம் “மாத்திரை போட்டாச்சுங்களான்னு அத்தை கேக்கறாங்க” என்பேன். இதில் எனக்கு ஒரு பெருமைகூட இருந்தது என்பதை இன்று ஒத்துக்கொள்கிறேன். நான் இல்லாவிட்டால் இந்த வீடு நடக்காது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அவர்களை நேரே பேச வைக்க நான் ஒருநாளும் முயன்றதில்லை.

மாமா ஓய்வு பெற்ற ஒரு வருஷத்தில் அவருக்கு நெஞ்சில் அடைப்பு வந்து, ஆபரேஷன் செய்து, பிழைத்து வந்தார். அதற்குப் பிறகு வெளியே போவது குறைந்துவிட்டது. நாற்காலியைச் சுவருக்கு எதிரே போட்டுக்கொண்டு உட்கார்ந்தே இருப்பார். அப்படி உட்கார்ந்திருந்த ஒரு மாதத்தில்தான் இந்த மீன்தொட்டி யோசனை. ஆஸ்பத்திரியில் காத்திருக்கும் இடத்தில் ஒரு பெரிய தொட்டி இருந்ததாம். பார்க்கப் பார்க்க மூச்சு சீராயிற்றாம். “வெறும் சொவத்தைப் பாத்துட்டு எத்தனை நாளைக்குக் கண்ணு ஒக்காந்திருக்கறது” என்றார்.

சுவரை உடைத்தால் அத்தையின் அறை திறந்துகொள்ளும். தூது நான்தான் போனேன். அத்தை கட்டிலில் உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்தார். நான் சொன்னதைக் கேட்டு, ஒரு துண்டை நான்காக மடித்து முடித்தார். பிறகு, “ஒடைக்கறதுன்னா ஒடைச்சுக்கட்டும். அவரு கட்டுன சொவரு. என்ற கட்டலை மட்டும் நகத்தப்படாதுன்னு சொல்லீரு” என்றார்.

மதுக்கரையிலிருந்து ஒரு கொத்தனார் வந்தார். சுவரைத் தட்டிப் பார்த்துவிட்டு, “ஏனுங்க, மேல ஸ்லாப்போட கனம் பூராவும் இந்தச் சொவத்து மேலதானுங்க நிக்குது. மேல தாங்கறதுக்கு இரும்பைக் குடுக்காம ஒரு செங்கல்லை உருவுனாலும் வம்புங்க” என்றார். மாமாவுக்கு அது தெரிந்தேயிருந்தது. பழைய சிநேகிதர் பட்டறையிலிருந்து இரண்டு இரும்புச் சட்டங்களை அளவாக அறுத்து, ஓட்டை போட்டு, துருப்பிடிக்காமல் பெயின்ட் அடித்துத் தயாராக வைத்திருந்தார். ஹால் பக்கம் ஒன்று, அறைப் பக்கம் ஒன்று என்று, சுவரின் பாதித் தடிமனுக்குக் காடி வெட்டி, ஒன்றை இறக்கிப் பூசிக் காயவிட்டு, அப்புறம்தான் மறுபக்கத்தை வெட்டினார்கள். இரண்டு சட்டமும் பிடித்துக்கொண்ட பிறகு கீழே இருந்த செங்கல்களை ஒவ்வொன்றாக எடுத்தார்கள்.

அந்த வேலையின்போது இரண்டு வாக்குவாதம் நடந்தது. முதலாவது, உயரம். நின்று பார்க்கிற உயரத்தில் வைத்தால்தான் அழகு என்றார் கொத்தனார். மாமா கேட்கவில்லை. இரண்டரை அடியில் அடிமட்டம் இருக்க வேண்டும் என்றார். “நின்னுட்டு யாரு பாப்பா? ஒக்காந்து பாக்கோணும்” என்றார். இரண்டாவது, எந்தப் பக்கம் நீட்டுவது என்பது. சுவர் முக்கால் அடி தடிமன், தொட்டி ஒன்றரை அடி ஆழம். மிச்சம் முக்கால் அடி ஏதாவது ஒரு பக்கம் வெளியே வந்தாக வேண்டும். ஹால் பக்கம் நீட்டிக்கொள்ளலாம், அம்மாவின் அறைக்குத் தொந்தரவு வேண்டாம் என்றார் என் கணவர். மாமா, “போற வர்ற வழியில நீட்டிட்டு நின்னா எல்லாரும் இடிச்சுப்போடுவாங்க” என்று சொல்லி, அறைப் பக்கமே நீட்டச் சொன்னார். அப்படிச் செய்ததில் தொட்டியின் மூடி, விளக்கு, மோட்டார், தீனி போடும் வாய் எல்லாமே அத்தையின் அறைக்குள் போய்விட்டன. ஹால் பக்கம் வெறும் கண்ணாடியும் அதைச் சுற்றி ஒரு தேக்குச் சட்டமும்தான். அதாவது மாமாவின் மீன்களுக்குத் தீனி போட அத்தை வேண்டும். அன்றைக்கு எங்களில் யாரும் அதை யோசிக்கவில்லை. மாமா யோசித்தாரா என்று பல தடவை எனக்குத் தோன்றியிருக்கிறது. கேட்டிருந்தால், வழியில் எல்லோரும் இடித்துக்கொள்வார்கள் என்ற கதையைத்தான் திரும்பச் சொல்லியிருப்பார்.

தொட்டி வருவதற்கு முன்னால் நான்கு நாள் அந்த இடம் வெறும் ஓட்டையாக இருந்தது. உக்கடத்தில் கண்ணாடித் தொட்டி செய்யும் பாய், ஒட்டிய பசை நன்றாகக் காய்ந்து, தண்ணீர் நிரப்பிக் கசியாமல் நின்ற பிறகுதான் அனுப்புவேன் என்று உறுதியாகச் சொல்லிவிட்டார். அத்தை முதல் நாளே ஒரு பழைய நூல் சேலையை ஓட்டையின் குறுக்கே தொங்கவிட்டார். சேலை பார்வையைத்தான் மறைக்கும், சத்தத்தை மறைக்காது. அத்தை கட்டிலில் புரளுவது, இருமுவது, சாமி கும்பிடும்போது முணுமுணுப்பது எல்லாம் ஹாலுக்கு வந்தன. மாமா நாற்காலியைத் திருப்பி, ஓட்டைக்கு முதுகு காட்டி உட்கார்ந்து பேப்பர் படித்தார். மூன்றாம் நாள் என்னைக் கூப்பிட்டு, “அத்தைக்கு நெஞ்சுச் சளி கட்டியிருக்குது. சுக்கும் மொளகும் தட்டிப்போட்டு வெச்சுக் குடு” என்றார். எட்டு வருஷத்தில் அத்தையின் உடம்பைப் பற்றி அவர் என்னிடம் சொன்ன முதல் வார்த்தை அது. நான் கொண்டுபோய்க் கொடுத்தபோது யார் சொன்னார்கள் என்று அத்தை கேட்கவில்லை. கேட்க வேண்டிய அவசியம் இல்லை. சேலைக்கு அந்தப் பக்கம் எல்லாம் கேட்டிருக்கும்.

தொட்டி வந்தது. நான்கு பேர் சேர்ந்து தூக்கி, அடியில் தெர்மாகோல் விரித்து உட்கார வைத்தார்கள். தண்ணீர் நிரப்பிப் பத்து நாளாவது மோட்டாரை ஓடவிட்டு, தண்ணீர் பழகிய பிறகுதான் மீன் விட வேண்டும் என்று பாய் படித்துப் படித்துச் சொல்லிவிட்டுப் போனார். மாமா எல்லாவற்றிலும் பொறுமைசாலி, இதில் மட்டும் இல்லை. மூன்றாம் நாளே சிவப்பும் வெள்ளையுமாக ஆறு தங்கமீன்கள் வாங்கி வந்து விட்டார். நான்கு நாளில் ஒவ்வொன்றாக மிதந்தன. கடைசி மீன் மிதந்த அன்று அவர் நாற்காலியில் உட்கார்ந்து வெறும் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அத்தை மூடியைத் திறந்து, வலையால் அதை எடுத்து ஒரு காகிதத்தில் வைத்தார். “பாய் சொன்னதைக் கேக்கோணும். பத்து நாளுன்னா பத்து நாளு. அவசரத்துக்கு எந்தச் சீவனும் பொழைக்காதுன்னு சொல்லு கண்ணு” என்றார். நான் ஹாலில்தான் நின்றிருந்தேன், அறைக்கதவு திறந்திருந்தது. மாமாவுக்கு எனக்கு முன்னாலேயே கேட்டுவிட்டது. அவர் தலையை ஆட்டினார். நான் சொல்லாமலே அவர் தலையாட்டியது அதுதான் முதல் தடவை.

இரண்டாம் தடவை பதினைந்து நாள் காத்திருந்து மோலி மீன்கள் வாங்கினார். கறுப்பும் ஆரஞ்சும். அவை பிழைத்தன, குட்டியும் போட்டன. காலையிலும் மாலையிலும் தீனி போடுவது அத்தையின் வேலையாயிற்று. யாரும் சொல்லி வந்ததில்லை. தீனி டப்பா அங்கே இருந்தது, அவர் அங்கே இருந்தார், அவ்வளவுதான். ஞாயிற்றுக்கிழமைகளில் தண்ணீர் மாற்ற மாமா அந்த அறைக்குள் போவார். அந்த நேரத்துக்கு அத்தை கொல்லைக்குப் போய்விடுவார். மற்ற நாட்களில் கண்ணாடி வழியாகச் சாடை. மாமா கண்ணாடியில் விரலை வைத்து மூலையில் ஒதுங்கிய ஒரு மீனைக் காட்டுவார், அத்தை குனிந்து பார்த்து உதட்டைப் பிதுக்குவார். மோட்டார் நின்றால் கையைச் சுழற்றிக் காட்டுவார், அத்தை சுவிட்சைத் தட்டுவார். எனக்கு மெல்ல மெல்ல வேலை குறைந்தது. சமையலறையில் நின்றுகொண்டு யாராவது கூப்பிடுவார்களா என்று காத்திருந்து, யாரும் கூப்பிடாத சாயங்காலங்கள் வர ஆரம்பித்தன. எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்திருக்க வேண்டும். உண்மையில் என்னவோ போலத்தான் இருந்தது.

அத்தை தினமும் மூன்று மணிக்கு மகளோடு போனில் பேசுவார். அது வீட்டில் எல்லோருக்கும் தெரியும். ஆனால் கதவைச் சாத்திக்கொண்டு பேசுவதால் யாரும் பார்த்ததில்லை. தொட்டி வந்த பிறகு மாமா பார்த்தார். மோட்டார் சத்தத்திலும் கண்ணாடித் தடிப்பிலும் பேச்சு கேட்காது. முகம் மட்டும் தெரியும். அத்தை சிரிப்பார். வாயைப் பொத்திக்கொண்டு, தோள் குலுங்கச் சிரிப்பார். நானே அத்தை அப்படிச் சிரித்துப் பார்த்ததில்லை. ஒருநாள் நான் உள்ளே வருகிறேன், மாமா நாற்காலியின் நுனியில் முன்னால் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறார். பார்வை மீன்கள்மேல் இல்லை. என்னைப் பார்த்ததும் நிமிர்ந்து, “அந்தக் கறுப்பு மோலி வயிறு பெருத்திருக்குது” என்றார். கறுப்பு மோலி எதுவும் அந்தப் பக்கம் இல்லை.

ஒரு நாள் அத்தை வீடியோவில் பேசிக்கொண்டிருந்தார். ஏழு வயதுப் பேத்தி மீனைக் காட்டச் சொல்லியிருப்பாள். அத்தை போனைத் திருப்பித் தொட்டியை ஒட்டிப் பிடித்தார். அப்போது நான் அத்தையின் அறையில்தான் பீரோவில் துணி அடுக்கிக்கொண்டிருந்தேன். குழந்தை மீன்களை எண்ணினாள். எண்ணிக்கொண்டே வந்தவள் நிறுத்தி, “அம்மிச்சி, மீனுக்குப் பொறகால ஒருத்தரு ஒக்காந்திருக்காரு. அது யாரு?” என்றாள். கண்ணாடிக்கு அப்பால் மாமா. அவருக்கும் தண்ணீர் ஊடாகப் போனின் திரை தெரிந்திருக்க வேண்டும். ஏனென்றால் அவர் மெல்ல எழுந்துகொண்டிருந்தார்.

அத்தை போனைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார். பிறகு, “அவருங்களா சாமி? அவரு மீன் வளக்கறவரு” என்றார்.

அன்று சாயங்காலம் மாமா என்னைக் கூப்பிட்டு, “அந்தப் புள்ள என்னமோ கேட்டுதே, என்ன கேட்டுது?” என்றார். எத்தனையோ சொற்களை இனிப்புத் தடவிக் கொண்டுபோனவள் நான். இதை மாற்றிச் சொல்லியிருக்கலாம். உன் அப்புச்சி, அம்மாவைப் பெற்ற தாத்தா என்று அத்தை சொன்னதாகச் சொல்லியிருந்தால் யாருக்குத் தெரியப் போகிறது. ஆனால் மாற்றவில்லை. குழந்தை கேட்டதையும் அத்தை சொன்னதையும் அப்படியே சொன்னேன். மாமா, “சரி” என்றார். கொஞ்ச நேரம் கழித்து, “சரியாத்தான் சொல்லியிருக்கறா” என்றார். அதன் பிறகு நான்கைந்து நாள் அவர் தொட்டிப் பக்கம் நாற்காலியைப் போடவில்லை. வெளியே வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தார். அவரை வருத்திவிட்டோமே என்று நான் உள்ளுக்குள் தவித்தேன்.

ஒரு சனிக்கிழமை காலையில் குளித்து, வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு சமையலறை வாசலில் வந்து நின்றார். “ஆனைமலைக்குப் போலாம், வாரியா கண்ணு? குட்டி மீனு நெறையாச் சேந்துபோச்சு. அந்தப் புள்ளைக்குக் கொஞ்சம் குடுத்துட்டு வந்தறலாம்.” சற்று நிறுத்தி, “அத்தைகிட்டச் சொல்லாத” என்றார். சொல்லாமல் எப்படி முடியும். மீன் பிடிக்க அத்தையின் அறைக்குள் அல்லவா போக வேண்டும். வலையும் வாளியுமாக மாமா உள்ளே போனார். அத்தை கட்டிலில் இருந்தார். கொல்லைக்கு எழுந்து போவார் என்று பார்த்தேன். போகவில்லை. மாமாவின் வெள்ளை வேட்டியைப் பார்த்தார், வாளியைப் பார்த்தார். எழுந்து வந்து மோட்டாரை நிறுத்தி, தொட்டியின் மூடியை இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்துக்கொண்டார். மாமா எட்டு மீன்களைப் பிடித்து முடிக்கும்வரை பிடித்துக்கொண்டே நின்றார்.

நான் கொல்லைக்குப் போய் நாத்தனாருக்குப் போன் செய்தேன். அப்பா வருகிறார் என்றேன். “அம்மா வர்றாங்களா?” என்றாள். இல்லை என்றேன். “வரட்டும்” என்று சொல்லி வைத்துவிட்டாள்.

உக்கடத்தில் பாய், மீன் பையில் காற்றடைத்து ரப்பர் போட்டுக் கட்டிக் கொடுத்தார். பஸ்ஸில் மாமா அந்தப் பையை மடியில் வைத்து, வெயில் படாமல் துண்டைப் போர்த்திக்கொண்டார். கிணத்துக்கடவு தாண்டியதும் ஜன்னலைச் சாத்தச் சொன்னார். மீனுக்குச் சூடு ஆகாதாம். பொள்ளாச்சியில் பஸ் மாறும்போது பையை நான் வாங்கிக்கொள்ளப் போனேன். தரவில்லை.

ஆனைமலையில் அவர்கள் வீடு, முன்னால் இரண்டு தென்னையோடு சின்ன ஓட்டுக் கட்டடம். நாங்கள் கேட்டைத் தொடுவதற்குள் குழந்தை உள்ளிருந்து ஓடிவந்தாள். மாமாவை ஏறிட்டுப் பார்த்தாள். “மீன் வளக்கறவருதானே நீங்க?” என்றாள்.

“ஆமா சாமி, நாந்தான்” என்றார் மாமா.

நாத்தனார் வாசலுக்கு வந்தாள். கல்யாணப் போட்டோவில் மட்டும் நான் பார்த்திருந்த முகம் இளைத்துப்போயிருந்தது. வாங்க என்று சொல்லவில்லை. “மீனு குடுக்க வந்தீங்களா?” என்றாள்.

“ஆமா கண்ணு.”

“ஒம்பது வருசம் ஆச்சு. கொழந்தை பொறந்து தொண்ணூறு நாளு ஆசுபத்திரியில கெடந்தேன். அப்பெல்லாம் வரல.”

மாமா பையைப் பிடித்துக்கொண்டு வெயிலில் நின்றார். “என்ன சொல்றதுன்னு எனக்குத் தெரியல கண்ணு. வெறுங்கையோட வர முடியல. மீனைக் கொண்டாந்தேன்.”

“எங்கிட்ட ஒண்ணும் சொல்ல வேண்டாம். என்னையா பேசுனீங்க?” என்றாள் அவள்.

அப்போது மாப்பிள்ளை அவளுக்குப் பின்னால் வந்து நின்றிருந்தார். நெற்றியில் முடி ஏறத் தொடங்கிய, அமைதியான மனிதர். மாமா அவரைப் பார்த்தார். பக்கத்து வீட்டில் ஒரு பெண் துணி காயப்போடுவதை நிறுத்திவிட்டு எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மாமா, “அன்னிக்கு நான் பேசுனது தப்புங்க” என்றார். அந்தப் பெண்ணின் காதிலும் விழும்படி சத்தமாகவே சொன்னார். “மனசுல வெச்சுக்காதீங்கன்னு சொல்றதுக்கு எனக்கு மொகமில்லைங்க. தப்புங்க.”

ஒருமையில் பேசிய அதே வாய். எங்கள் ஊரில் முன்பின் தெரியாதவர்களுக்கும் தாராளமாகப் போடுகிற அந்த ‘ங்க’ அன்று எத்தனை கனமாக வெளியே வந்தது என்பது பக்கத்தில் நின்ற எனக்குத்தான் தெரியும்.

மாப்பிள்ளை மன்னித்தார் என்று சொல்ல மாட்டேன். அது எனக்குத் தெரியாது. அவர் படியிறங்கி வந்து மாமாவின் கையிலிருந்த பையை வாங்கி, உயர்த்திப் பார்த்து, “பாவம், மூச்சு வாங்குது. உள்ள வாங்க” என்றார். மீனைச் சொன்னாரா மாமாவைச் சொன்னாரா என்று இன்றுவரை எனக்குச் சந்தேகம்தான்.

மீன்களை ஒரு பிளாஸ்டிக் தொட்டியில் பையோடு மிதக்கவிட்டு, தண்ணீரின் சூடு சமமாகும்வரை திறக்கக் கூடாது என்று மாமா குழந்தைக்குச் சொல்லிக்கொடுத்தார். குழந்தை அவர் தோளைப் பிடித்துக்கொண்டு குனிந்திருந்தாள். நாத்தனார் சமையலறையில் பாத்திரங்களைச் சற்று வேகமாகவே வைத்து எடுத்துக்கொண்டிருந்தாள். மணி ஒன்றாயிற்று. மாப்பிள்ளையின் அம்மா சமையலறைக் கதவோரம் வந்து நின்றார். மெலிந்த உடம்பு, காய்த்துப்போன கை. மாமாவை நேரே பார்க்காமல் தரையைப் பார்த்துக் கேட்டார். “அரிசிம்பருப்புத்தானுங்க ஆக்கியிருக்குது. எங்கூட்ல சாப்புடுவீங்களா?”

மாமா அந்த மாதிரி வீடுகளில் கை நனைத்து, ஒரு வாய் சாப்பிட்டு நான் அறியேன். கம்பெனியில் கூட வேலை பார்த்தவர்கள் வீட்டு விசேஷத்துக்குப் போனால்கூட மொய் வைத்துவிட்டு வயிறு சரியில்லை என்று கிளம்பிவிடுவார். இப்போது எழுந்து வேட்டியைச் சரிசெய்துகொண்டு, “போடுங்க” என்றார். “பசியாத்தான் இருக்குது.”

பலகை போட்டு, வாழையிலை போட்டார்கள். நாத்தனார் சோறு வைத்தாள். சம்பந்தியம்மா நெய் ஊற்றினார். மாமா தலை நிமிராமல் சாப்பிட்டார். இரண்டாம் தடவையும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். நாத்தனார் இலையைப் பார்த்தபடி சுவரில் சாய்ந்து நின்றாள். கிளம்பும்போதுகூட அவள் அப்பாவிடம் அதிகம் பேசவில்லை. “பஸ்ஸுல சன்னல் பக்கமா ஒக்காருங்க” என்றாள், அவ்வளவுதான். அதற்குமேல் அப்பாவோடு பேச அவளுக்கு இன்னும் ஒரு வருஷம் பிடித்தது. இப்போது மாசத்துக்கு ஒருமுறை வருகிறாள். மாமாவின் கடைசி நாட்களில் ஆஸ்பத்திரியில் கூடவே இருந்தவளும் அவள்தான். ஆனால் அன்றைய தினத்தில் அது எதுவும் எங்களுக்குத் தெரியாது.

வீட்டுக்குத் திரும்பியபோது மணி ஐந்தரை. மாமா செருப்பைக் கழற்றிவிட்டு ஹாலுக்குள் வந்தார், நான் பின்னால். அத்தை தன் அறையின் நிலைப்படியில் நின்றிருந்தார். எத்தனை நேரமாக நின்றாரோ தெரியாது. மாமாவும் நின்றார். அத்தை அவர் முகத்தைப் பார்த்து,

“கை நனைச்சீங்களா?” என்றார்.

வழக்கம்போல நான் மாமா பக்கம் திரும்பி வாயைத் திறந்துவிட்டேன். திறந்த பிறகுதான், கேள்வி என்னிடம் கேட்கப்பட்டதல்ல என்று புரிந்தது.

“நனைச்சேன்” என்றார் மாமா.

“என்ன ஆக்கியிருந்தா?”

“அரிசிம்பருப்பு.”

“உப்பு?”

மாமா கொஞ்சம் யோசித்தார். “கம்மிதான்.”

“அவளுக்கு எப்பவுமே அப்படித்தான். நானும் எத்தனையோ தடவை சொல்லிப்போட்டேன்.”

“சம்பந்தியம்மா நெய்யை நெறைய ஊத்துனாங்க. அதனால ஒண்ணும் தெரியல.”

அத்தை நிலைப்படியைத் தாண்டி ஹாலுக்கு வந்தார். “அந்தம்மாவுக்கு முட்டிவலின்னு சொன்னாளே, நடக்கறாங்களா?” என்றார். மாமா நாற்காலியில் உட்கார்ந்து சொல்லத் தொடங்கினார். நடுவில் நான் நின்றுகொண்டிருந்ததை இரண்டு பேருமே கவனிக்கவில்லை. கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு, நான் கை கால் கழுவப் போனேன்.